வெளி மாநிலத்தில் கார், உள்ளூரில் பதிவு: கணக்குப் போட்டுப் பார்த்தோமா?

மிளகாய் என்றால் குண்டூர், துவரம் பருப்பு என்றால் குல்பர்கா, மஞ்சளுக்கு நம் ஈரோடு, வெல்லத்துக்குச் சித்தோடு. சரக்கு எங்கே மலிவோ அங்கே போய்க் கொள்முதல் செய்வது நம் தொழிலின் பாலபாடம். கிலோவுக்கு ஐம்பது பைசா குறைகிறது என்றால் இரவோடு இரவாக லாரி ஏறிப் போனவர்களின் பிள்ளைகள்தான் நாம். அந்தப் பழக்கத்தில், கார் வாங்குவதிலும் அதே கணக்கைப் போடுகிறோம். பெங்களூரில் முப்பதாயிரம் குறைவு, பாலக்காட்டில் வண்டி உடனே கிடைக்கிறது, பாண்டிச்சேரியில் வரியே இல்லையாமே என்றெல்லாம் சங்கக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பேச்சு ஓடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் அதிகமாகிவிட்டது.

வெளி மாநிலத்தில் வாங்கி இங்கே பதிவு செய்வது குற்றமல்ல. சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் மிளகாய் மூட்டைக்குப் போடும் கணக்கைக் காருக்கும் அப்படியே போட்டால் எங்கே இடிக்கும் என்பதை நம் உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நம் உறுப்பினர் ஒருவரின் கதையிலிருந்து தொடங்குவோம். ரங்கே கவுடர் வீதியில் மொத்த மளிகை நடத்துபவர். மகள் கல்யாணத்துக்கு முன்பு வீட்டுக்கு ஒரு கார் வேண்டும் என்று பார்த்தார். விலை 9 லட்சத்து 40 ஆயிரம். இங்குள்ள ஷோரூமில் பத்து வாரம் பொறுக்கச் சொன்னார்கள். பெங்களூரில் இருக்கும் மைத்துனர் போன் செய்து, "மச்சான், இங்கே வண்டி ரெடியா நிக்குதுங்க, முப்பதாயிரம் கழிச்சும் தர்றாங்க, நாளைக்கே வந்துருங்க" என்றார். மறுநாள் காலை ரயிலில் போனார், பணத்தைக் கட்டினார், இன்சூரன்சும் தற்காலிகப் பதிவும் போட்டு இரண்டு நாளில் சாவியைக் கொடுத்தார்கள். ஓசூர், சேலம் வழியாக இரவு ஓட்டி வந்து விடியற்காலையில் வீட்டு வாசலில் நிறுத்தி எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது.

பிறகுதான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனார். விற்பனைச் சான்றிதழில் அவருடைய பெயருக்கு முன்னால் இருக்க வேண்டிய இனிஷியல் பின்னால் இருந்தது. ஆதாரில் ஒருவிதம், இதில் ஒருவிதம். முகவரி என்று மைத்துனரின் பெங்களூர் வீட்டு முகவரி ஏறியிருந்தது. அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்லவும் முடியாது, காகிதம் சரியில்லை. கம்ப்யூட்டரில் திருத்த வேண்டியவர் பெங்களூர் டீலர். அவரோ வண்டி விற்று முடித்தவர். போன் எடுப்பதில் அவருக்கு அவசரம் இல்லை. நம்மவர் மறுபடி நேரில் போனார். காகிதங்கள் சரியாகி வருவதற்குள் தற்காலிகப் பதிவின் கெடு முடிந்துவிட்டது. 11 நாள் கார் ஷெட்டிலேயே நின்றது. கல்யாணத்துக்கு வாடகைக் காரில்தான் போனார்கள்.

கடைசியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். நாமும் பக்கத்தில் இருந்தோம். கழிவு 30 ஆயிரம். முதல் பயணம், பெட்ரோல், டோல் எல்லாம் சேர்ந்து 9 ஆயிரம். அங்கே தற்காலிகப் பதிவுக்கும், டீலர் 'கையாளும் கட்டணம்' என்று எழுதியதற்கும் 6,500. இரண்டாவது பயணம் 5 ஆயிரம். இன்சூரன்ஸில் முகவரி திருத்தம், சில்லறைச் செலவு 2 ஆயிரம். மீதி 7,500 ரூபாய். இதில் நான்கு நாள் கல்லாவை விட்டு எழுந்தது சேரவில்லை. "ஏழாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு மூட்டை பருப்பு வித்திருந்தா போதுமுங்க" என்று அவரே சிரித்தார்.

வரி எங்கே கட்டுகிறோம்?

முதலில் அடிப்படையைப் புரிந்துகொள்வோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 40ஆவது பிரிவு, வண்டி வழக்கமாக எங்கே வைக்கப்படுகிறதோ, உரிமையாளரின் வீடோ தொழில் இடமோ எங்கே இருக்கிறதோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. முன்பு அந்தப் பகுதிக்குரிய அலுவலகத்தில்தான் செய்ய வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மாநிலத்துக்குள் எந்தப் பதிவு அலுவலகத்திலும் செய்யலாம். ஆனால் மாநிலம் மாறக் கூடாது. அதாவது வண்டியைக் காஷ்மீரில் வாங்கினாலும் கோவைக்காரர் ஆயுள் வரியைத் தமிழ்நாட்டுக்குத்தான் கட்ட வேண்டும்.

2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட விகிதப்படி, 5 லட்சம் வரையான காருக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது 10 லட்சம் என்ற கோடு. 9 லட்சத்து 99 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு வரி 1,29,870. இரண்டாயிரம் மட்டும் கூடுதலாக, 10 லட்சத்து ஆயிரம் ரூபாய் வண்டிக்கு 1,80,180. கோட்டைத் தாண்டினால் ஐம்பதாயிரம் போச்சு. வெளி மாநிலத்தில் முப்பதாயிரம் குறைகிறது என்று ஓடுபவர்கள், ஒரு படி கீழே உள்ள மாடலை உள்ளூரிலேயே எடுத்தால் அதைவிட மிச்சம் என்பதைப் பார்ப்பதே இல்லை. வண்டி விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 2016 ஜூன் முதல் 1 சதவீதம் வருமான வரிப் பிடித்தமும் உண்டு; அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், ஆனால் கையிலிருந்து முதலில் போகும்.

ஜி.எஸ்.டி.யோ நாடு முழுவதும் ஒன்றுதான். 2017 ஜூலைக்கு முன்பு அப்படியில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு விற்பனை வரி. பாண்டிச்சேரியில் குறைவு என்று நம் பெரியவர்கள் அங்கே போய் வண்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் கசிவை அடைக்கத்தான் தமிழ்நாடு அரசு 1990ல் வாகன நுழைவு வரிச் சட்டம் கொண்டுவந்தது. வெளியே வாங்கிய லாபத்தை உள்ளே வரும்போது வாங்கிக்கொண்டார்கள். அதைப் பற்றி நீதிமன்றங்களில் நடந்த வழக்குகளுக்குக் கணக்கில்லை. பிரபல நடிகர் ஒருவரின் வெளிநாட்டுக் கார் வழக்கு 2021லும் பத்திரிகைகளில் அடிபட்டது பலருக்கு நினைவிருக்கும். ஜி.எஸ்.டி. வந்ததும் நுழைவு வரி ஒழிந்தது. வாளையாரில் நம் லாரிகள் வணிக வரிச் சோதனைச் சாவடிக்காக வரிசையில் நின்ற காலமும் அதோடு போயிற்று. ஆக, வெளி மாநிலத்தில் வாங்குவதால் இன்று வரியில் ஒரு காசு லாபமில்லை. லாபம் என்று இருந்தால் டீலர் தன் கமிஷனில் விட்டுக்கொடுப்பது மட்டும்தான். அல்லது வண்டி சீக்கிரம் கிடைப்பது.

டீலர் விட்டுக்கொடுப்பதிலும் ஒரு சேதி உண்டு. ஒரே கம்பெனியின் டீலர்கள் ஒருவருக்கொருவர் போட்டி போட்டுக் கழிவு தரக் கூடாது என்று கம்பெனியே கட்டுப்படுத்துவதாகப் புகார் எழுந்து, 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசுகி நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. இதே குணம்தான் நம் தொழிலிலும்: சோப்புக் கம்பெனி, பிஸ்கட் கம்பெனி எல்லாம் விநியோகஸ்தருக்கு எல்லை போட்டு, தாண்டி விற்கக் கூடாது என்பதை நாம் தினமும் பார்க்கிறோம். அதனால் வெளியூர் முகவரிக்குப் பில் போட மாட்டோம் என்று ஒரு டீலர் சொன்னால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அப்போது "உள்ளூர் சொந்தக்காரர் முகவரி கொடுங்கள், பில் போடுகிறோம்" என்று விற்பனைப் பையன் யோசனை சொல்வான். நம் உறுப்பினர் அந்த யோசனையில்தான் மாட்டினார்.

ஒன்பது நாளில் ஆறு லட்சம்

இப்போது சொல்லப்போவதை மட்டுமாவது நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம்.

ராஜஸ்தானில் ஸ்ரீகங்காநகர் என்ற ஊர் பஞ்சாப் எல்லையை ஒட்டியிருக்கிறது. நம் பொள்ளாச்சி கேரள எல்லையில் இருப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் 2011ல் புது பொலேரோ ஜீப் வாங்கினார். இன்சூரன்ஸ் பாலிசி எடுத்தது பஞ்சாபில். காப்பீட்டுத் தொகை 6 லட்சத்து 17 ஆயிரம் சொச்சம். தற்காலிகப் பதிவு ஜூலை 19ஆம் தேதியோடு முடிந்தது. நிரந்தரப் பதிவு செய்யவில்லை. ஜூலை 28ஆம் தேதி தொழில் விஷயமாக ஜோத்பூர் போனார். இரவு விடுதியில் தங்கினார், வண்டியை வெளியே நிறுத்தினார். காலையில் வண்டியைக் காணோம்.

பிரீமியம் கட்டியிருக்கிறார், பாலிசி உயிரோடு இருக்கிறது, போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். ஆனாலும் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது. வழக்கு நுகர்வோர் மன்றங்களில் படிப்படியாக ஏறியது. மாநில ஆணையமும் தேசிய ஆணையமும் அவர் பக்கம் தீர்ப்பளித்தன. கடைசியில் 2021 செப்டம்பர் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தற்காலிகப் பதிவு முடிந்த வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டிச் சென்றதும் நிறுத்தியதும் பாலிசி நிபந்தனையின் அடிப்படையையே மீறுவதாகும். ஆகவே திருட்டு நடந்தபோது வண்டி ஓடவில்லை, நின்றுகொண்டிருந்தது என்பதால் எல்லாம் தப்ப முடியாது என்று முடிந்தது. ஒன்பது நாள் தாமதம், ஆறு லட்சம் போயிற்று. பத்து வருடம் வழக்கு நடத்திய செலவு தனி.

இது புதிதாக வந்த தீர்ப்பும் அல்ல. 2014லேயே ஒரு மகிந்திரா பிக்கப் வண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லியிருந்தது. அதில் தற்காலிகப் பதிவு முடிந்து மூன்று வாரம் கழித்து விபத்து. பிக்கப் வண்டி என்றால் யார் வண்டி? நம்மைப் போன்றவர்களின் வண்டி.

உள்ளூரில் வாங்குபவருக்கு இந்த ஆபத்து ஏன் குறைவு என்றால், அங்கே பொறுப்பு டீலருடையது. 2019 திருத்தத்தின்படி, டீலர் இருக்கும் அதே மாநிலத்தில் பதிவு செய்யும் புது வண்டிக்கு விண்ணப்பம் போட வேண்டியவர் டீலர். வெளி மாநில வண்டிக்கு அந்தப் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழுகிறது. படிவம் 20 விண்ணப்பம், படிவம் 21 விற்பனைச் சான்று, படிவம் 22 வண்டி ஓடத் தகுதியானது என்ற கம்பெனிச் சான்று, தற்காலிகப் பதிவு, இன்சூரன்ஸ், முகவரிச் சான்று, பேன் கார்டு, கடனில் எடுத்திருந்தால் படிவம் 20லேயே பேங்க்காரர் கையெழுத்து என்று எல்லாம் நம் கையில் இருக்க வேண்டும். இதில் ஒரு எழுத்துப் பிசகினாலும் முன்னூற்று ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திருத்த வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பலகையைப் பொருத்தித் தர வேண்டியவரும் வண்டி விற்ற டீலர்தான். அவர் பெங்களூரில், வண்டி கோவையில்.

தற்காலிகப் பதிவு முன்பு ஒரு மாதம்தான். திருத்தத்துக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு மிகாமல் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பி யாரும் சாவகாசமாக இருந்துவிட வேண்டாம். உங்கள் காகிதத்தில் எந்தத் தேதி அச்சாகியிருக்கிறதோ அதுதான் உங்கள் கெடு. அந்தத் தேதியைக் கடைக் காலண்டரில் சிவப்பு மையில் சுழித்து வையுங்கள். பதிவில்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2 ஆயிரம் முதல் 5 ஆயிரம் வரை அபராதம். பதிவுக்கு விண்ணப்பிக்கவே தவறினால் 192பி பிரிவின்படி ஆயுள் வரியில் மூன்றில் ஒரு பங்கு வரை அபராதம் போகலாம். இவையெல்லாம் தாங்கக்கூடிய தொகை. இன்சூரன்ஸ் போவதுதான் தாங்க முடியாதது.

இன்சூரன்ஸ் பேச்சு வந்ததால் இன்னொரு சிறு விஷயம். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் கணக்கில் பெங்களூர், சென்னை, மும்பை போன்ற எட்டுப் பெருநகரங்கள் ஏ மண்டலம், மற்ற ஊர்கள் பி மண்டலம். ஏ மண்டலத்தில் பிரீமியம் கூடுதல். கோவை பி மண்டலம். பெங்களூர் டீலர் தன் ஊர்க் கணக்கிலேயே பாலிசி போட்டுவிடுவார். கோவையில் பதிவாகும் வண்டி என்று முதலிலேயே சொல்லுங்கள்.

சரக்கு வண்டி வாங்குபவர்களுக்கு

சொகுசுக் கார் வாங்குபவர்களைவிட, கடைக்குச் சின்ன லோடு வண்டி எடுக்கும் உறுப்பினர்கள்தான் நம்மிடம் அதிகம். அவர்களுக்கு இங்கே பெரிய பணம் இருக்கிறது. கவனக்குறைவால் போகவும் போகும். பதின்மூன்று பேர் வரை உட்காரும் பயணிகள் வண்டிக்கு, கார் உட்பட, நமக்கு உள்ளீட்டு வரி கிடையாது. கடை பெயரில் பில் போட்டாலும் கிடையாது. சிலர் எடுத்துவிட்டுப் பிறகு வட்டியோடு திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் சரக்கு வண்டிக்கு உள்ளீட்டு வரி உண்டு. 6 லட்ச ரூபாய் அடக்க விலையில் ஒரு வண்டி எடுத்தால், 2025 செப்டம்பருக்குப் பிறகுள்ள 18 சதவீதப்படி 1 லட்சத்து 8 ஆயிரம் ரூபாய் நம் வரிக் கணக்கில் கழிக்கலாம். அந்த வரித் தொகைக்கு வருமான வரியில் தேய்மானம் கேட்கக் கூடாது, இரண்டில் ஒன்றுதான்.

இதையே கர்நாடகத்திலோ கேரளத்திலோ வாங்கினால் பில்லைப் பார்த்து வாங்க வேண்டும். நம் ஜி.எஸ்.டி. எண், கோவை முகவரி, வண்டி சேரும் இடம் தமிழ்நாடு என்று எழுதி ஐ.ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் கழித்துக்கொள்ளலாம். "இங்கேயே சாவி கொடுத்தோம்" என்று டீலரின் கணக்கர் அந்த மாநில சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று போட்டுவிட்டால், அந்த ஒரு லட்சத்து எட்டாயிரம் இங்கே நமக்குச் செல்லாக் காசு. பருப்பு மூட்டை வாங்கும்போது இதைப் பத்துத் தடவை பார்க்கும் நாம், புது வண்டி சந்தோஷத்தில் மறந்துவிடுகிறோம்.

பாண்டிச்சேரி முகவரி

அடுத்து, பேசச் சங்கடமான விஷயம். வெளி மாநிலத்தில் வாங்கி இங்கே பதிவு செய்வது ஒன்று. வெளி மாநிலத்திலேயே பதிவு செய்து இங்கே ஓட்டுவது வேறு. "ஆயுள் வரி இங்கே இரண்டு லட்சம், அங்கே அதில் கொஞ்சம்தான், வாடகை வீட்டு முகவரி நான் ஏற்பாடு செய்கிறேன்" என்று தரகர்கள் பேசுவது நமக்குத் தெரியாததல்ல. 2017ல் கேரளத்தில் சினிமாக்காரர்கள் பெயர்கள் அடிபட்டு வழக்கானது இதே பாண்டிச்சேரி முகவரி விவகாரம்தான். அவர்களுக்கு வக்கீல் உண்டு, விளம்பரமும் உண்டு. நமக்கு?

வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநிலத்தின் புது எண் வாங்க வேண்டும் என்று 47ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் அது உண்மையிலேயே அங்கே குடியிருந்து இங்கே வந்தவருக்கு. பொய் முகவரி கொடுத்துப் பதிவு வாங்கியவருக்கு 192பி பிரிவில் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, ஆயுள் வரியில் மூன்றில் இரண்டு பங்கு வரை அபராதம். 2024 ஜூனில் வெளி மாநிலப் பதிவு எண்ணோடு இங்கே ஓடிய ஆம்னி பஸ்களைத் தமிழ்நாடு அரசு தடுத்து நிறுத்தியதைப் பார்த்தோம். நம் பார்சல்கள் சில அந்த பஸ்களில் மாட்டின. பெரிய பஸ் முதலாளிகளுக்கே அந்தக் கதி.

வாடிக்கையாளர் நம்மை ஏமாற்றிப் போட்ட பொய்க் கணக்கை நாம் மன்னிப்பதில்லை. பக்கத்துக் கடைக்காரர் பில் இல்லாமல் விற்றுக் குறைந்த விலை போட்டால் "அநியாயம்" என்கிறோம். நாம் மாத்திரம் டி.என். சாலையில் பி.ஒய். நம்பர் வைத்து ஓட்டுவது எந்த நியாயத்தில் சேரும்?

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. ஆன்லைனில் அரிசி வாங்கும் வாடிக்கையாளரைப் பார்த்து வயிறு எரிகிறோம். "நாலு ரூபாய் குறைவுன்னு அங்கே போறாங்க, அவசரத்துக்குக் கடன் கேக்க மட்டும் நம்ம கடைக்கு வர்றாங்க" என்று மேடை போட்டுப் பேசுகிறோம். உள்ளூர்க் கார் டீலரிடம் நான்கு தடவை போய் ஓட்டிப் பார்த்து, காபி குடித்து, விலைப்பட்டியல் வாங்கிக்கொண்டு, பெங்களூரில் எடுத்து வருபவர் யார்? அந்த ஷோரூமில் வேலை செய்யும் பையன்தான் மாத முதல் வாரத்தில் நம் கடைக்கு மளிகைச் சீட்டு கொண்டுவருகிறான். முதலில் உள்ளூரில் போய், "அங்கே முப்பதாயிரம் கழிக்கிறார்கள், நீங்கள் எவ்வளவு கழிப்பீர்கள்?" என்று கேளுங்கள். நம் உறுப்பினர்களில் இருவர் அப்படிக் கேட்டு இருபதாயிரத்துக்கு மேல் குறைத்து வாங்கியிருக்கிறார்கள். பேரம் பேசத் தெரியாதவர்களா நாம்?

இவ்வளவும் சொன்னதால் அரசை விட்டுவிடுகிறோம் என்று அர்த்தமில்லை. வண்டி கிடைக்காத நெருக்கடியில் வெளியே வாங்கி, முறையாக இங்கே முழு வரியும் கட்ட வருபவரை வரவேற்க வேண்டியது போக்குவரத்துத் துறையின் கடமை. வரி அவர்களுக்குத்தானே வருகிறது. அப்படி வருபவருக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று தமிழில் ஒரு பலகை எழுதி ஒவ்வொரு அலுவலக வாசலிலும் வைத்தால் தரகர் பிழைப்பு பாதி போய்விடும். காகிதத்தில் குறை இருந்தால் ஒரே தடவையில் எல்லாக் குறையையும் எழுதிக் கொடுக்கட்டும். இன்று ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்றால் அதற்குள் தற்காலிகப் பதிவின் கெடு ஓடிவிடுகிறது; அதன் விலை என்ன என்பதை ஸ்ரீகங்காநகர் வழக்கில் பார்த்தோம்.

மத்திய அரசிடமும் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 26ஆம் தேதி அறிவித்து, செப்டம்பர் 15 முதல் பாரத் வரிசை என்று ஒரு பதிவு முறையைக் கொண்டுவந்தார்கள். பி.எச். எழுத்தோடு ஓடும் நம்பர் அது. மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டாம். ஆயுள் வரி மொத்தமாகக் கட்ட வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டினால் போதும். யாருக்கு? இராணுவத்தினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை நிறுவன ஊழியர்கள், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள தனியார் கம்பெனிகளின் ஊழியர்கள். மாற்றலில் போகிறவர்களுக்கு இது நியாயம்தான். ஆனால் பொள்ளாச்சியில் கடையும் பாலக்காட்டில் கிடங்கும் வைத்து, இரண்டு மாநிலத்திலும் தனித்தனியாக ஜி.எஸ்.டி. எண் எடுத்து வரி கட்டும் வியாபாரிக்கு இதில் இடமில்லை. ஒரு பெரிய கம்பெனியின் விற்பனை அதிகாரிக்கு உள்ள வசதி, அவரிடம் சரக்கு வாங்கி விற்கும் வியாபாரிக்குக் கிடையாது. இரண்டு மாநிலங்களில் ஜி.எஸ்.டி. பதிவுள்ள வணிகருக்கும் பாரத் வரிசையைத் திறந்துவிட வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். நாம் கேட்பது வரி விலக்கு அல்ல; அவர்களுக்குக் கொடுத்த அதே தவணை, அதே நம்பர்.

நம் ரங்கே கவுடர் வீதி உறுப்பினருக்கு ஒருவழியாக டி.என்.66 எண் கிடைத்தது. போன வாரம் கடைக்கு ஒரு லோடு வண்டி எடுப்பதாகச் சொன்னார். "எங்கேங்க எடுக்கறீங்க?" என்று கேட்டோம். "அவிநாசி ரோட்டுல தானுங்க, பேரம் நடந்துட்டு இருக்குது" என்றார்.